நெற்றிவிளக்கு: தோற்றமும் வளர்ச்சியும் பேட்டரியும்

இத்துறையில் இதுவரை ஆய்வு ஏதும் நிகழவில்லை என்று தொடங்குவது ஆய்வுக் கட்டுரையின் மரபு. நிகழ்ந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது மரபில் இல்லை. ஆகவே, நெற்றிவிளக்கு பற்றி இதுவரை ஆய்வு ஏதும் நிகழவில்லை.

ஆய்வின் களம் பெரிது. கன்னியாகுமரி மாவட்டத்தில் நள்ளிரவு தாண்டியதும் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், மதுரைப் பக்கம் மொட்டு விரியும் முன் மல்லிகை பறிக்கிறவர்கள், மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் மோட்டார் போட வரப்பில் நடக்கிறவர்கள், வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் இரவோடு இரவாக ஏறுகிறவர்கள் என்று பலர் நெற்றியிலும் இப்பொருள் காணப்படுகிறது. இவர்களில் யாரையும் பேட்டி காணவில்லை. கேட்டால், எந்த ஹெட்லைட் உழைக்கும், எது உழைக்காது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பிறகு ஆய்வுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

இயல் ஒன்று: தோற்றம்

1900ஆம் ஆண்டு ஃபிரெடரிக் பால்ட்வின் அமெரிக்காவில் கார்பைடு விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். கால்சியம் கார்பைடின்மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். அசிட்டிலீன் வாயு கிளம்பி எரியும். சுரங்கத் தொழிலாளிகள் அந்த நெருப்பைத் தொப்பியில் மாட்டிக்கொண்டு பூமிக்குள் இறங்கினார்கள். அடுத்த இருபது ஆண்டுக்குள் எடிசனின் மின்விளக்கு வந்தது: பேட்டரி இடுப்பில், பல்பு தலையில், நடுவே ஒரு வயர். இன்றைய சின்ன விளக்குக்கு வழி திறந்தது நீல எல்.இ.டி. நீலத்தின்மேல் பாஸ்பர் பூசினால் வெள்ளை. நீல எல்.இ.டி.யைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மூவரும் தமிழர்களே என்பதற்கு இன்னும் சான்று கிடைக்கவில்லை; தேடல் தொடர்கிறது.

இயல் இரண்டு: ஒளியும் அதன் அளவும்

வாங்குவோர் முதலில் பார்ப்பது லூமன் எண்ணை. ‘1000 லூமன், 40 மணி நேரம்’ என்பது தொல்பெருமை வாய்ந்த ஒரு வாசகம் (அட்டைப்பெட்டி, முன்பக்கம்). இது பொய்யன்று. இரண்டும் ஒரே இரவில் நடக்கும் என்று பெட்டி எங்குமே சொல்லவில்லை.

கணக்கு எளிது. நல்ல 18650 பேட்டரி ஒன்றில் 3500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும்; 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்துக்கொண்டால், 1000 லூமனில் ஒன்றேகால் மணி நேரம் எரியும். 100 லூமனில் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் மேலே. 30 லூமனில் நாற்பதைத் தாண்டும். ஆயிரமும் நீடிக்காது, சில நிமிடங்களில் சூடேறியதும் விளக்கே தன்னைக் குறைத்துக்கொள்ளும். மல்லிகைச் செடியில் மொட்டு முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது. விளக்கைக் கீழே சாய்த்தால் விரலும் காம்பும் தெரிய 30 லூமன் தாராளம். அதற்கு மேலே போனால் பனித்துளி மினுங்கிக் கண் கூசும், அவ்வளவுதான்.

எஃப்.எல்.1 என்றோர் அமெரிக்க அளவுகோல் 2009இல் வந்தது. அதன்படி, வெளிச்சம் எவ்வளவு தூரம் போகிறது என்பதை 0.25 லக்ஸ் இருக்கும் இடம்வரை அளக்க வேண்டும். தெளிந்த வானத்தில் பௌர்ணமி நிலவு தரும் வெளிச்சம் ஏறக்குறைய அதுதான். ஆக, பெட்டி ‘120 மீட்டர்’ என்றால் 120ஆவது மீட்டரில் நிலவொளி இருக்கும் என்று கொள்க. பௌர்ணமியன்று அந்த நிலவொளி அங்கே இலவசமாகவே கிடைக்கிறது. எரியும் நேரமும் அப்படியே: தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம் முழுவதும் ‘எரிந்த நேரம்’. நூற்றுக்குப் பத்து வாங்கியவனும் தேர்ச்சி பெறும் ஒரே இடம் இதுவென்று எழுதியிருப்பேன். பல்கலைக்கழகங்கள் நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன். பெட்டியில் தேட வேண்டியது, பேட்டரி இறங்கினாலும் வெளிச்சம் இறங்காமல் ஒரே சீராக எரியுமா என்பதை. அதைப் பெரும்பாலும் சிறு எழுத்தில்தான் போட்டிருப்பார்கள் (அட்டைப்பெட்டி, பின்பக்கம், பார்கோடுக்கு மேல், மூன்றாம் வரி; விலை ஸ்டிக்கர் மறைத்த பகுதி நீங்கலாக).

இயல் மூன்று: எடை

குறைவாக இருக்க வேண்டும்.

இயல் நான்கு

கறையான் அரித்துவிட்டது.

இயல் ஐந்து: நீர் புகாமை

விளக்கின் நீர் தாங்கும் திறனை ஐ.பி. எண்ணால் குறிப்பர். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் மேலே தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். மழையில் வேலை பார்க்க இது போதும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம். ஐ.பி.எக்ஸ்.8 அதற்கும் மேலே. ஆழத்தையும் நேரத்தையும் செய்தவர் சொல்வார். நடுவே நிற்கும் எக்ஸ், தூசி புகுமா என்பதற்கு மதிப்பீடு தரப்படவில்லை என்பதைக் குறிக்கிறது. தெரியாத இடத்தில் எக்ஸ் போடும் இந்த நேர்மை ஆய்வேட்டு அட்டவணைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நீரையும் நெற்றி ஒளியையும் சேர்த்துப் பேசும் தமிழ்ச் சான்று திருவிளையாடல் கதையில் இருக்கிறது. நெற்றியில் பொருத்திய ஒளிமூலம் பற்றி முதல் வாடிக்கையாளர் புகார் கொடுத்தவர் நக்கீரர். கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற விவாதத்தைப் பிடித்துக்கொண்டு உரையாசிரியர்கள் முக்கியமான செய்தியைத் தவறவிட்டுவிட்டார்கள். எதிரே நின்று பேசுகிறவரின் முகத்துக்கு நேராக ஒளி பாய்ந்திருக்கிறது. அதாவது, அக்கருவியில் கீழே சாய்க்கும் கீல் இல்லை. ஒளி ஒரே அளவில், உச்சத்தில் மட்டுமே வந்திருக்கிறது. மங்கிய நிலை கிடையாது. வெப்பம் மிகுதியாக வெளிப்பட்டிருக்கிறது; மின்திறனில் பெரும்பகுதி சூடாக வீணாகும் பழைய குண்டு பல்பு வகை என்று துணியலாம். பேட்டரி தீர்ந்ததாகக் குறிப்பே இல்லை. ஆனால் எந்த நிலையில் வைத்து அளந்தார்கள் என்ற குறிப்பும் இல்லை.

வெப்பம் தாளாமல் நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். இங்கே அறிஞர்கள் இரண்டு கட்சி. குளத்தில் மூழ்கியது விளக்கன்று, புகார் கொடுத்தவர். ஆகவே இதை நீர்ச் சோதனையாகக் கொள்ள முடியாது என்பது ஒரு கட்சி. மூழ்கி எழுந்தவர் பழுதின்றி மறுபடி பாடத் தொடங்கினார், எனவே குறைந்தது ஐ.பி.எக்ஸ்.7 என்பது மறு கட்சி. அவர் முப்பது நிமிடம் உள்ளே இருந்தாரா என்பதில் மூன்று கருத்துகள் நிலவுகின்றன. மூன்றும் ஒரே கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டவை, அக்கட்டுரை இம்மூன்றையும் மேற்கோள் காட்டி நிறுவுகிறது (கோயில் வாசல் கடையில் சார்ஜர் வாங்கியவர் சொன்னதாகக் கடைக்காரர் சொன்னது, பேரத்துக்கு முந்தைய பாடம், பேரத்துக்குப் பிந்தைய பாடத்தில் இவ்வரி இல்லை. ஒப்புநோக்குக: உத்தரவாதச் சீட்டு, முத்திரை வைக்காத பிரதி, மடிப்பில் கிழிந்த பகுதியில் இருந்ததாக ஊகிக்கப்படும் ஏழாம் நிபந்தனை. அதையும் மறுப்பது: அதே பெட்டியின் சீன மொழிப் பக்கம், ஆறாம் வரி, கட்டுரையாளருக்கு அம்மொழி தெரியாது, தேர்வாளருக்கும் தெரியாது என்பது விசாரித்து உறுதி செய்யப்பட்டது).

குளத்தின் ஆழத்தைக் குண்டு நூல் விட்டு அளந்தால் முடிந்துபோகும் விஷயம். அளந்தால் கருத்தரங்கு நடத்த முடியாது.

இயல் ஆறு: பேட்டரியில் பாடபேதங்கள்

18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை. இந்த உடம்புக்குள் ஏறக்குறைய 3500 அளவே அடங்கும். ஆனால் சந்தையில் ‘9900’ என்று அச்சிட்ட பிரதிகளும் உலவுகின்றன. நம்புவதற்குக் கடினமான பாடமே மூலபாடம் என்பது பதிப்புலகின் பெருங்கொள்கை. அதன்படி 9900தான் மூலம். 3500 பிற்கால எழுத்தர் பிழை. இக்கொள்கையை நம்பி வெள்ளியங்கிரி ஏறியவர்கள் ஐந்தாம் மலையில் மற்றவர் வெளிச்சத்தைப் பின்தொடர்ந்து போவதைக் காணலாம். எளிய சோதனை தராசு: நல்ல செல் 45 கிராம் சுமாருக்கு இருக்கும். கையில் பஞ்சு மாதிரி இருந்தால் அது இடைச்செருகல்.

விளக்குக்குள்ளேயே பேட்டரியை வைத்து ஒட்டிவிட்ட வகையை வாங்கக் கூடாது. பேட்டரி செத்தால் விளக்கும் செத்தது. கழற்றி மாற்றுகிற 18650 வேண்டும், டைப்-சி வழியாகச் சார்ஜும் ஏற வேண்டும். அந்த ஓட்டையை மூடும் ரப்பர் மூடி தொளதொளவென்று இருந்தால் மேலே சொன்ன ஐ.பி. எண் எதுவும் செல்லாது. சார்ஜ் போட வழியில்லாத இடத்துக்குப் போகிறவர்களுக்கு மூன்று சிறிய பென்சில் பேட்டரி போடும் வகை நல்லது, பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் வேலை முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். அல்கலைன் பேட்டரி கசிந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வந்து, ஸ்பிரிங்கின்மேல் வெள்ளையாகப் பூத்து அரித்துவிடும். நான்காம் இயலுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே.

இயல் ஏழு: சிவப்பும் மின்னலும்

இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும், மங்கிய சிவப்பு கெடுப்பதில்லை. பூச்சிகளும் சிவப்பை அவ்வளவாக மொய்ப்பதில்லை. எனவே சிவப்பு இருப்பது நல்லது. மின்னி மின்னி எரியும் நிலையோ வேறு கதை. மலிவு விளக்குகளில் ஒரே பொத்தான்: உச்சம், மங்கல், மின்னல், அதன் பிறகே அணைப்பு. மாட்டுத் தொழுவத்தில் விளக்கை அணைக்க நினைப்பவர் ஒவ்வொரு முறையும் மின்னலைக் கடந்தாக வேண்டும். மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னால் போகிறது, பால் சொம்பு உருள்கிறது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரே அணையும் வகையைக் கேட்டு வாங்குக.

இயல் எட்டு: பட்டை

விளக்கில் முதலில் சாவது எல்.இ.டி. அன்று, பேட்டரியும் அன்று, எலாஸ்டிக் பட்டை. வியர்வை உப்பு ஊறி, காய்ந்து, இழுவை போய்விடும். கழற்றித் துவைக்கக்கூடிய பட்டையாகவும், தலையில் கட்டிய துண்டுக்கு மேலே போட்டாலும் சேரும் நீளமாகவும் பார்க்க வேண்டும். பட்டை தளர்ந்ததற்காகத் தோட்டத்தில் யாரும் விளக்கைத் தூக்கி எறிவதில்லை. தளர்ந்த இடத்தை மடித்து ஓர் ஊக்கு குத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரு பருவம் ஓடும். இவ்வூக்கு குறித்துத் தனித்து ஆராய நிதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். செலவுப் பட்டியலில் விமானக் கட்டணம், தங்கும் விடுதி, கருத்தரங்கப் பை, பொன்னாடை எல்லாம் இருக்கின்றன. ஊக்கின் விலையைச் சேர்க்க மறந்துவிட்டது.