வீரசோழன் ஆதுலசாலைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம்

பெறுநர்:
நிர்வாகம், வீரசோழன் ஆதுலசாலை (மருத்துவமனை),
அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில், திருமுக்கூடல்.

பொருள்: மருந்திடும் பெண்டுகள் பணியிடம் இரண்டில் ஒன்றுக்கு ஆள் சிபாரிசு செய்தல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் கோயில் சுவர்க் கல்வெட்டு, வீரராஜேந்திர சோழர் ஆட்சிக்காலம் (1063–1070).

ஐயா,

வேலைவாய்ப்பு அறிவிப்பென்றால் அது தங்களுடையதுதான். எத்தனை இடம், யாருக்கு என்ன வேலை, வருஷத்துக்கு என்ன கூலி, எல்லாம் கல்லில் வெட்டியாகிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தம் வெளியிட வழியில்லை. படுக்கை 15. நோயாளிக்கு நாளொன்றுக்கு நாழி அரிசி. ராத்திரி எரிய ஒரு விளக்கு, அதற்கு எண்ணெய். வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, கல்யாண லவணம் என்று வருஷத்துக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகள் பெயர் பெயராக. ‘ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்குங்க’ என்று சீட்டு எழுத இடமே விடவில்லை.

சம்பளப் பட்டியலையும் பார்த்தேன். வைத்தியர் கோதண்டராம அசுவத்தாம பட்டருக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுத்து வைத்தியம் செய்பவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து செய்யும் ஆண்கள் இருவருக்கு 60 கலம், 2 காசு. நோயாளிக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலம், ஒரே ஒரு காசு. ஆளுக்கு 15 கலம். நாவிதருக்கும் தண்ணீர் சுமப்பவருக்கும் என்ன நெல்லோ அதே நெல். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) மூலம் எடுக்கப்பட்ட நர்சுகளுக்குத் தமிழக அரசு 7,700 ரூபாய் தொகுப்பூதியம் நிர்ணயித்தபோது தங்கள் சுவரைத்தான் பார்த்திருக்க வேண்டும். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடிய அந்தப் பெண்களுக்கு, தாங்கள் சோழர் கால மரபை மீறுகிறோம் என்பது தெரியாது. பாவம்.

போகட்டும், கூலியைக் குறை சொல்ல இந்தக் கடிதம் இல்லை. அறிவிப்பில் ஒரு கட்டம் விடுபட்டிருக்கிறது. அதுதான் எனக்குப் பிடித்துப்போனது. ‘எப்போதாவது நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா? ஆம் / இல்லை.’

இந்தக் காலத்து நர்சு வேலைப் படிவம் ஒன்றில் அந்த ‘ஆம்’மை டிக் அடித்துவிட்டு, இன்றுவரை பதிலுக்குக் காத்திருக்கும் பெண் எங்கள் தெருவில் இருக்கிறாள். பெயர் வேண்டாம், ஏற்கெனவே எழுதிக் கொடுத்துப் பட்டது போதும். கூலிக்குப் பட்டு நெய்கிற வீடு. கோர்வைச் சேலைக்கு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளி வளர்ந்தவள். அறுந்த ஜரிகை இழையைக் கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பிணைப்பாள். கிழவிகளின் கையில் நரம்பு தேடுவதும் அவளுக்கு அப்படித்தான்.

அவள் செய்த குற்றம்: ஸ்கூல் முடித்த வருஷம், தெருப் பெண்களோடு காலிக் குடத்துடன் ரோட்டில் உட்கார்ந்தாள். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடத்தில் குடிதண்ணீருக்கு மறியலா என்று தாங்கள் கேட்பீர்கள். எனக்கும் விளக்கத் தெரியவில்லை. கல்யாண மண்டபத்தில் அடைத்து, எலுமிச்சை சாதம் கொடுத்து, சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். முடிந்தது என்று குடத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்புறம் சம்மன் வந்தது. இ.பி.கோ. 188, அரசு ஊழியரின் உத்தரவை மீறியது.

கோர்ட் வராண்டாவில் வக்கீல் சொன்னது இதுதான்: “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடும்மா, இன்னிக்கே முடிஞ்சிடும். இல்லேன்னா மாசாமாசம் வாய்தா.” வாய்தாவுக்கு ஒரு நாள் என்றால் தறியில் ஒரு நாள் போச்சு. டவாலி கூப்பிட்டார். வரிசையாக நின்றார்கள். “ஒத்துக்கிறேங்கய்யா.” 200 ரூபாய். ரசீதை நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். குற்றவாளியாகி ஏறுகிறோம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அவள் பணம் கட்டிய பிறகு, 2018-ல், 188-ஆம் பிரிவில் எஃப்.ஐ.ஆர். போடப் போலீசுக்கு அதிகாரமே கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வக்கீல் வைத்து அங்கே போனவர்கள் பேரில் இருந்த வழக்குகள் ரத்தாயின. ஒத்துக்கொண்டு போனவள் தண்டிக்கப்பட்டவளாகவே நிற்கிறாள். இ.பி.கோ.வே 2024 ஜூலை 1-ஆம் தேதி ஓய்வு பெற்று, பாரதிய நியாய சன்ஹிதா என்று பேர் மாற்றிக்கொண்டு வந்துவிட்டது. அவளுக்கு அந்த வசதி இல்லை.

மேலிடத்துக்கு இது தெரியாததில்லை. ஹரியானாவில் கடைநிலை ஊழியர் ஒருவர் இப்படித்தான் ஒரு சில்லறை வழக்கில் 20 ரூபாய் அபராதம் கட்டப்போய் வேலையை இழந்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அலைச்சலுக்குப் பயந்து ஒத்துக்கொள்கிற ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு இதனால் கெடுகிறது, 2,000 ரூபாய் வரையிலான அபராதத்தைத் தண்டனையாகவே கருதாதபடி சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கும் சொன்னது. நாடாளுமன்றம் யோசித்துக்கொண்டிருக்கிறது. தங்களுக்கு 950 வருஷம் காத்திருந்து பழக்கம், பொறுமையாக இருப்பீர்கள்.

2011-ல் டெல்லி போலீஸ் வேலை வழக்கொன்றில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, ரொட்டி திருடியதற்காக ஆயுசு முழுக்கத் திருடனாகவே பார்க்கப்பட்ட பிரெஞ்சு நாவல் நாயகன் ழான் வல்ழானை நினைவுபடுத்தினார். எங்களுக்கு அந்தக் கதை 1950-லேயே ‘ஏழை படும் பாடு’ படமாக வந்துவிட்டது. விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. நடிகர் போய்விட்டார். ஜாவர் மட்டும் விண்ணப்பப் படிவத்தில் உத்தியோகம் பார்க்கிறார்.

எல்லாருக்கும் இப்படி இல்லை. எம்.எல்.ஏ. ஒருவர் இரண்டு வருஷமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால், விடுதலையாகி ஆறு வருஷம் கழித்துத் தேர்தலில் நிற்கலாம். ஜெயித்தால் மருத்துவத் துறை மந்திரியே ஆகலாம். பாஸ்போர்ட் சட்டம்கூட ஐந்து வருஷத்துக்கு முந்தைய தண்டனையைக் கிளறுவதில்லை. நர்சு படிவத்தின் ‘எப்போதாவது’வுக்குத்தான் காலாவதித் தேதி கிடையாது. அதை மருந்துப் பட்டைக்கு மட்டும் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

மயக்கத்தில் கிடக்கும் நோயாளியின் செயினைக் கழற்றியவரையும் போதை ஊசியைத் திருடி விற்றவரையும் உள்ளே விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் கேளுங்கள், துருவித் துருவிக் கேளுங்கள். ஆனால் அவர்களுக்கும் குடம் தூக்கியவளுக்கும் அதே ஒரு கட்டம், அதே ஒரு டிக். “என்னம்மா செஞ்சே, எப்ப செஞ்சே?” என்று எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தால் பேப்பர் அதிகம் செலவாகியிருக்கும்தான்.

‘இல்லை’ என்று போட்டிருக்கலாமே என்று தெருவில் புத்தி சொன்னவர்கள் உண்டு. “பொய் எழுதிட்டா வேலைக்குச் சேருவேன் மாமா?” என்றாள். இந்தப் பதிலை அவளுடைய நடத்தைச் சான்றிதழாக ஏற்கக் கோருகிறேன்.

நைட் டூட்டி பார்ப்பாள். ஒரு விளக்கு போதும், இங்கே கரண்ட் போனால் அதுவும் இல்லை. இரண்டாவது இடமும் காலியாக இருந்தால் சொல்லுங்கள். அன்றைக்கு அதே வரிசையில் நின்று 200 ரூபாய் கட்டிய இன்னொருத்தியும் நர்சிங் முடித்திருக்கிறாள். அந்த ஒரு காசை இரண்டு பேர் எப்படிப் பங்கு போடுவது என்பதை மட்டும் பட்டர் முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

இப்படிக்கு,
தங்கள் ஊர்க்காரன்

இணைப்பு: அபராத ரசீது நகல் ஒன்று. கெசட்டட் ஆபீசர் சான்றொப்பம் பெற முடியவில்லை. அதற்கு முதலில் நடத்தைச் சான்றிதழ் வேண்டுமாம்.