பெர்காமாட் ஓர் இடைச்செருகலா? நிறுத்தப்பட்ட தேயிலைகள் குறித்த மூலபாட ஆய்வு

பிடித்த தேயிலைக் கலவையை அதைத் தயாரிக்கும் நிறுவனமே நிறுத்திவிட்டால், குடித்துப் பழகியவர்கள் புலம்புகிறார்கள். புலம்பல் இலக்கியத்தில் சேரும், ஆய்வில் சேராது. ஏட்டில் ஒரு சீர் பிழைபட்டால் அதற்கு மூன்று கருத்தரங்கம் கூட்டும் உலகம், உலகெங்கும் காலைதோறும் பருகப்படும் ஒரு பாடம் சிதைந்துபோவதைக் கண்டுகொள்வதில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தேயிலைக் கலவை என்பது ஒரு நூல். நிறுவனம் அதன் பதிப்பாளர். கோப்பையில் இறங்குவது பாடம். பால் உரை; சர்க்கரை உரைக்கு எழுந்த உரை. இக்கருத்துக்குச் சான்று வேண்டுவோர் இக்கட்டுரையின் முதற்பத்தியைக் காண்க.

நிறுத்தம் மூவகைப்படும்: முற்றழிவு, பெயரழிவு, மேம்பாடு. முற்றழிவாவது, கடையில் கேட்டால் இல்லை என்பது. பெயரழிவாவது, பொருளின் சாயலை வைத்துக்கொண்டு பெயரை நீக்குவது. சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் வூயி மலையிலுள்ள தோங்மூவில், பைன் விறகுப் புகையில் உலர்த்திச் செய்யப்படுவது லப்சாங் சூச்சாங். இங்கிலாந்தின் ட்வைனிங்ஸ் நிறுவனம் அந்தப் பெயரில் விற்றுவந்ததை 2023இல் நிறுத்தி, அதனிடத்தில் ‘டிஸ்டிங்க்டிவ்லி ஸ்மோக்கி’ என்ற ஒன்றை வைத்தது. நூற்பெயரை நீக்கிவிட்டு, படித்தவர் சொன்ன கருத்தை அட்டையில் அச்சிட்டது போன்ற செயல் இது. மூன்றாவதாகிய மேம்பாடே ஆய்வாளனுக்கு அறுவடை. முன்னிரண்டிலும் பதிப்பாளர் நூலை நிறுத்தியதை ஒருவாறு ஒப்புக்கொள்கிறார். மேம்பாட்டிலோ அதே பெயர், ஏறக்குறைய அதே பெட்டி, உள்ளே வேறு பாடம்.

2011இல் நிகழ்ந்தது இதுதான். தாமஸ் ட்வைனிங் 1706இல் லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் தொடங்கிய அதே நிறுவனம், தன் எர்ல் கிரே தேயிலையில் பெர்காமாட் மணத்தைக் கூட்டி, எலுமிச்சையையும் சற்றே சேர்த்து, ‘தி எர்ல் கிரே’ என்று வெளியிட்டது. பெர்காமாட் என்பது பெரும்பாலும் இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் நாரத்தை இனப் பழம். அதன் தோலெண்ணெய்தான் எர்ல் கிரேயின் மணம். பழைய வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள். நிறுவனம் இறங்கிவந்து பழைய கலவையையும் ‘தி கிளாசிக் எடிஷன்’ என்ற அடைமொழியுடன் மீண்டும் விற்றது. தேயிலை ஒரு நூலே என்ற நம் கோட்பாட்டை (காண்க: இக்கட்டுரை, முதற்பத்தி) பதிப்பாளரே ஒப்புக்கொண்டு பதிப்பு எனப் பெயரிட்டதற்கு இதைவிடத் தெளிவான அகச்சான்று இல்லை. 1985 ஏப்ரல் 23 அன்று பாடம் திருத்திய கோகோ கோலா நிறுவனம், 79 நாளில் பழைய பாடத்தை ‘கிளாசிக்’ என்றே திருப்பிக் கொணர்ந்ததும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பதிப்பாளர் கைவைத்த பிறகே எந்த நூலும் செவ்வியல் ஆகிறது.

இனி மூலபாடம் எது என்பதை நிறுவ வேண்டும். கூட்டிய பெர்காமாட் இடைச்செருகல் என்பதில் 2011இன் வாசகர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கூட்டாத பெர்காமாட் எங்கிருந்து வந்தது? 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமராயிருந்த இரண்டாம் எர்ல் கிரேயின் மீது இத்தேநீரை ஏற்றிக் கூறுவர். அவருடைய ஆள் ஒருவர் சீன அதிகாரியின் மகனை நீரில் மூழ்காமல் காப்பாற்றியதற்குக் கைம்மாறாக வந்த கலவை என்பது ஒரு மரபு. கிரே சீனாவுக்குச் சென்றதே இல்லை. சீனத் தேயிலை மரபில் பெர்காமாட்டும் இல்லை. இவ்விரண்டு தடைகளும் இருந்தும் கதை வாழ்கிறது. புலவர் வரலாறு எழுதியோர் இதைக் கண்டு வியக்கமாட்டார்கள். ஆவணம் சொல்வது வேறு. 1837இல் பிரோக்சாப் என்ற லண்டன் வணிக நிறுவனத்தின் மீது, பெர்காமாட்டால் செயற்கையாக மணமூட்டிய தேயிலையை விற்றதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அக்காலத்தில் பெர்காமாட், மட்டமான தேயிலையை உயர்ந்தது போல் காட்டும் கலப்படம். ஆகவே 2011இல் வாசகர்கள் மீட்கப் போராடிய தூய பாடம், 1837இன் கண்ணில் குற்றப் பொருள். இடைச்செருகலை எதிர்த்தவர்கள் காத்தது முந்தைய இடைச்செருகலை.

அற்றேல், பெர்காமாட்டை முற்றும் நீக்கினால் மூலம் கிட்டும் எனின், நீக்கிப் பார்ப்போம். எஞ்சுவது கறுப்புத் தேயிலை. அதுவும் பிற்காலத்தது, வூயி மலையில் கறுப்புத் தேயிலை எழுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே சீனர் பச்சைத் தேயிலை குடித்தனர். ஆகவே கறுப்பை நீக்குக. இன்னும் பின்னே போனால் 8ஆம் நூற்றாண்டின் லூ யூ எதிர்ப்படுகிறார். தேநீரைப் பற்றி முதல் தனிநூல் செய்தவர் அவர். தேநீரில் வெங்காயமும் இஞ்சியும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் கொதிக்கவைப்பதைச் சாக்கடை நீருக்கு ஒப்பிட்டுச் சாடியவரும் அவரே. நாரத்தை இனம் தேநீரில் புகுவதை எதிர்த்த கிளர்ச்சிக்கு 2011க்கு முன் 1,200 ஆண்டுக்கு மேற்பட்ட தொன்மை உண்டு என்பது இவ்வாய்வின் முதற்பெரும் முடிபு (காண்க: இக்கட்டுரை, இப்பத்தி, முன் வாக்கியம், இதை மறுப்போர்க்கு மறுமொழி, இப்பத்தி, அதற்கும் முன் வாக்கியம்). ஆனால் அத்தனையும் விலக்கிய லூ யூ உப்பை மட்டும் விலக்கவில்லை. தமக்குப் பிடித்த இடைச்செருகலை மூலம் என்று கொள்வது மூலபாட ஆய்வின் மிகப் பழைய நெறி. நெறி பிறழாதவர் உப்பையும் நீக்குவார். பிறகு இலை பறித்தவன் வேலை என்று இலையையும் நீக்குவார். முடிவில் மாசுமறுவற்ற மூலபாடம் கைக்கு வருகிறது: வெந்நீர். இடைச்செருகல் களைவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட பேரறிஞர் பலர் இவ்விடத்தை அடைந்திருக்கின்றனர். அதற்குப் பட்டமும் உண்டு.

இதற்கு எழும் முதல் தடை வலியது. பழமையை விடுக, நிறுவனம் வைத்திருக்கும் கலவைக் குறிப்பே மூலம் என்க, என்பர். அஃதன்று. அன்றாடத் தேநீர்க் கலவை ஒன்றில் இருபது முப்பது தோட்டத்து இலைகள்கூடச் சேரும். அசாம், கென்யா, இலங்கை என்று ஊர்கள் விரியும். மழை தவறினால் இலை மாறும், பருவம் மாறினால் மணம் மாறும், விலை ஏறினால் தோட்டமே மாறும். ஆகவே சுவைஞர் என்ற தொழிலர் வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, ஓசை எழ உறிஞ்சி, துப்பி, இந்த மாதம் எந்தத் தோட்டத்தைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று தீர்ப்பிடுகிறார். சுவை மாறாதிருக்கவே குறிப்பு மாறுகிறது. குறிப்பை மாற்றாமல் வைத்திருந்தால் மாறுவது சுவை. சொல்லெல்லாம் ஒவ்வொரு படியிலும் வேறாகி, பொருள் மட்டும் வழுவாமல் நிற்கும் ஒரு நூலைக் காட்டுக என்று உலகப் பதிப்பாசிரியர்களிடம் கேட்டால் திகைப்பர். அப்படியொன்று ஒவ்வொரு மளிகைக் கடையிலும் இருக்கிறது. இவ்வழி நோக்கினால், கலவை நிறுத்தப்பட்ட நாளில் இலை நிற்கவில்லை, தோட்டம் நிற்கவில்லை, குறிப்பும் நிற்கவில்லை. அது முன்னரே நில்லாதது. நின்றது ஒன்றே: சுவையை ஒருபடித்தாய் வைத்திருப்போம் என்று ஒருவர் எடுத்துவந்த முயற்சி.

இரண்டாம் தடை பால் பற்றியது. குடிப்பவர் பாலூற்றிப் பாடத்தைத் தாமே சிதைத்துவிட்டு நிறுவனத்தை நோவது ஏன் என்பர். பால் உரை என்று முன்னரே நிறுவியுள்ளோம் (காண்க: இக்கட்டுரை, முதற்பத்தி, அங்கே நிறுவப்படவில்லை, கூறப்பட்டது மட்டுமே என்பார்க்கு, நிறுவுதலும் கூறுதலும் ஒன்றே என்ற எம் கொள்கை, அக்கொள்கைக்கு, இவ்வடைப்புக்குறி). எஞ்சுவது உரை முன்னா, மூலம் முன்னா என்ற வழக்கு. ஜார்ஜ் ஆர்வெல் 1946 ஜனவரியில் எழுதிய கட்டுரையில் பதினொரு விதி வகுத்து, தேநீரை முதலில் ஊற்றி அதன்மேல் பால் விடுக என்றார். எவ்வளவு விடுகிறோம் என்பது அப்போதே தெரியும் என்பது அவர் ஏது. 1980இன் பிரிட்டிஷ் தரநிர்ணயம் பிஎஸ் 6008 பாலை முதலில் ஊற்றச் சொன்னது. வெப்பத்தால் பால் கெடாதிருக்கும் என்பது அதன் ஏது. அதே நெறியே பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 3103இலும் உண்டு: நூறு மில்லிலிட்டர் கொதிநீருக்கு இரண்டு கிராம் இலை, ஆறு நிமிடம். சுவைஞர்கள் ஒரு தேயிலையை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்கான ஆய்வக முறை இது. நல்ல தேநீர் போடுவதற்கு அன்று. ஆறு பக்கத்தில் ஒரு கோப்பைத் தேநீரை வரையறுத்த அந்தப் பிரிட்டிஷ் ஆவணம் 1999இல் இலக்கியத்துக்கான இக் நோபல் என்ற நகைச்சுவைப் பரிசைப் பெற்றது. ஆய்வைப் போலி செய்பவனுக்கு இதைவிடப் பெரிய இடையூறு கிடையாது. மெய்யான ஆய்வு முந்திக்கொண்டு போய்விடுகிறது. உரை முன் வரினும் பின் வரினும் மூலத்தின் வேறுபாடு நாவுக்குத் தெரியும் என்பதால் இத்தடையும் நில்லாது; தெரியாதெனில் 2011இல் பாலூற்றிக் குடிப்போர் பேசாதிருந்திருப்பர்.

ஆகவே பழமை மூலத்தைத் தராது, குறிப்பும் தராது, தரநிர்ணயமும் தராது. எஞ்சிய அளவை ஒன்றே. அதை நூற்பாவாக்கி, மேற்கோள் காட்ட வசதியாக நாமே தருகிறோம்: “பழகிய பாடமே மூலம் என்ப.” என்ப என்றது முன்னோர் கூற்றென்று காட்டுதற்கு, முன்னோர் யாரெனின், இப்பத்தியின் முதல் வாக்கியம். அங்ஙனமாயின் 2011இல்தான் எர்ல் கிரேயை முதலில் குடித்தவனுக்கு எலுமிச்சை கலந்ததே மூலமாகி, கிளாசிக் எடிஷன் மணம் குன்றிய படி ஆகுமே எனின், ஆகும். அவன் நாவும் நாவே. நாளை அந்தப் பாடம் நிறுத்தப்படும்போது அவனும் தூய மரபு பேசுவான். பேச அவனுக்கு 2011இன் பழைய வாசகர்களுக்குள்ள அதே உரிமை உண்டு. இதனால் பெறப்படுவது, பதிப்பாளர் மாற்றக் கூடாது என்பதன்று. மாற்றியதை மேம்பாடு என்று சொல்ல அவருக்கு உரிமையில்லை என்பது. மேம்பட்டதா என்பதைச் சொல்ல வேண்டியவன் பழைய பாடத்தில் பழகியவன். அவனிடமிருந்து அந்தப் பாடத்தைப் பறித்துவிட்டு அவனையே ஒப்பிடச் சொல்வது வழக்காகாது. நல்ல பதிப்பாசிரியர் புதுப் பாடத்தை மேலே அச்சிட்டு, விலக்கிய பாடத்தை அடிக்குறிப்பில் தருவார். கடை அலமாரிக்கும் கீழ்த்தட்டு இருக்கிறது. அடிக்குறிப்புக்கு அவ்விடம் போதும்.