படுக்கையோடு ஒரு பீர்

பெசன்ட் நகரில் எங்கள் தெருமுனையில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கிறது. பச்சை வலை, சவுக்குக் கம்பு, மூன்றாவது மாடியில் நாக்கைத் துருத்தியபடி ஒரு திருஷ்டிப் பொம்மை. கீழ்த்தளத்தில் பீர் ஹாலும் உணவகமும் வரப்போவதாகப் பேச்சு.

"அப்புறம் மேலே எதுக்குண்ணே இத்தனை ரூம்?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"ரூம் இருந்தாத்தான் சார் பாரு" என்றார்.

வேதாந்தம் இல்லை, சட்டம். 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கின் கையில். அதை விட்டால், கௌரவமாக உட்கார்ந்து குடிக்கப் பெரும்பாலும் இரண்டே வழிதான்: கிளப் அல்லது நட்சத்திர ஓட்டல். பெங்களூருவில் கடைக்குள்ளேயே அண்டா வைத்துக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். இங்கே ஒரு குவளை பீருக்குக் கட்டில், மெத்தை, தலையணை உறை வரை வாங்கியாக வேண்டும். குடித்தவர் வீட்டுக்குத்தான் போவார், படுக்கை சட்டத்துக்கு.

கட்டடம்தான் முடிந்தபாடில்லை. ஆடியில் வேலை தொடங்கவில்லை. ஐப்பசியில் மழை. மார்கழி ஆகாது. தையில் ஆள் ஊருக்குப் போய்விட்டது.

எப்படியும் ஒருநாள் திறப்பார்கள். வாழைமரம் கட்டி, கணபதி ஹோமம் முடித்து, சம்பிரதாயம் மாறாமல் அந்த பீர் ஹாலில் முதன்முதலாகக் காய்ச்சப்போவது, பால்.