ஒன்பது குக்கர் காபி

வீட்டுக்கு எஸ்பிரஸ்ஸோ மெஷின் வாங்கியதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. ஆபீஸுக்குக் கீழே உள்ள காபிக் கடையில் ஒரு கப்புசினோ 180 ரூபாய். மெஷின் 9,000 ரூபாய். 50 கப் குடித்துவிட்டால் போட்ட பணம் திரும்பிவிடும். 51-ஆவது கப்பிலிருந்து லாபம். இதை மனைவியிடம் சொன்னேன். அவள் வங்கியில் வேலை பார்ப்பவள். "பாலும் காபிக்கொட்டையும் ஓசியில வருதா?" என்று மட்டும் கேட்டாள். கடன் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பும்போதும் இதே குரலில்தான் பேசுவாள் என்று நினைக்கிறேன்.

அம்மா கணக்கெல்லாம் கேட்கவில்லை. மிக்ஸியை நகர்த்தி மேடையில் இடம் பண்ணிக் கொடுத்தாள். "டிகாக்‌ஷன் எங்கேடா இறங்கும்?" என்றாள். காட்டினேன். "ராத்திரியே போட்டு வெச்சிடலாமா?" "வேண்டாம்மா, முப்பது செகண்டுல வந்துடும்." அம்மா தன்னுடைய பித்தளை ஃபில்டரை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணத்துக்குச் சீராக வந்தது அது. வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் தன் இஷ்டத்துக்கு அரைமணி நேரம் சொட்டும். "அவ்வளவு அவசரமா எங்கே போகணும்?" என்றாள்.

அவசரம்தான் இந்தக் காபியின் பிறப்பு ரகசியம். காத்திருக்கும் வாடிக்கையாளருக்குச் சட்டென்று காபி கொடுக்க இத்தாலியில் டூரின் நகரத்து ஏஞ்சலோ மொரியோண்டோ 1884-இல் ஒரு நீராவி மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1901-இல் மிலானில் லூயிஜி பெஸ்ஸேரா அதை ஒவ்வொரு கோப்பையாகப் பிடிக்கிற மாதிரி திருத்தினார். நீராவியின் தள்ளு போதவில்லை. காபியும் கருகல் வாடை அடித்தது. அக்கில்லே காஜ்ஜியா என்பவர் 1938-இல் புதிய வழிக்குக் காப்புரிமை பெற்றார். உலகப் போருக்குப் பிறகு அவருடைய நெம்புகோல் மெஷின் கடைகளுக்கு வந்த பிறகுதான் எஸ்பிரஸ்ஸோவின் தலையில் அந்தப் பொன்னிற நுரை ஏறியது. அதற்குப் பெயர் கிரீமா.

அந்த நுரைக்கு 9 பார் அழுத்தம் வேண்டும். நம் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருப்பது வெளிக்காற்றைவிட ஏறத்தாழ ஒரு பார் அதிகம். ஆக, ஒன்பது குக்கரின் கோபம் ஒரு கைப்பிடித் தூளின் மேல் இறங்க வேண்டும். என் மெஷின் பெட்டியிலோ 15 பார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆறு குக்கர் இலவசம் என்று மகிழ்ந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது பம்ப் முக்கி முனகினால் எட்டக்கூடிய உச்சம், காபிக்குத் தேவையானது அல்ல என்று. மொபெட்டின் வேகமானியில் 100 வரை எண் போட்டிருப்பதைப் போல.

முதல் நாள் காலை, வீட்டிலிருந்த ஃபில்டர் தூளையே போட்டேன். பீபரியும் பிளான்டேஷன் ஏ-யும் பாதிப்பாதி, அதில் நூற்றுக்கு இருபது சிக்கரி. சிக்கரிக்கு ஈரம் பட்டால் பிசுபிசுக்கும். ஃபில்டரில் அது குணம்: தண்ணீரைப் பிடித்து நிறுத்தி டிகாக்‌ஷனைக் கள்ளிச்சொட்டாக இறக்கும். மெஷினில் அதுவே குற்றம். பட்டனை அழுத்தினேன். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. கோப்பையில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. சரி, என்னதான் ஆயிற்று என்று பார்ப்போமே என்று மெஷினை நிறுத்திவிட்டுக் கைப்பிடியைத் திருகிக் கழற்றினேன்.

விலை கூடிய மெஷின்களில், காபி இறங்கி முடிந்ததும் மிச்ச அழுத்தத்தை வெளியேற்ற ஒரு வால்வு உண்டு. 9,000 ரூபாய் மெஷினில் அந்த வால்வு நான்தான். சூடான காபிச் சேறு என் காதோரமாகப் பறந்துபோய் எதிர்ச்சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் மேல் அப்பியது. அன்றைக்கு எமகண்டம் எப்போது என்று வீட்டில் யாருக்கும் தெரியாமல் போயிற்று. எனக்கு மட்டும் தெரியும், காலை 6.40. குக்கரில் ஆவி அடங்காமல் மூடியைத் திறக்கக் கூடாது என்று எனக்கு எட்டு வயதில் சொல்லிக் கொடுத்த அம்மா, ஒன்றும் பேசாமல் ஈரத்துணியை எடுத்து நீட்டினாள்.

சிக்கரி கலக்காத கொட்டையைத் தெருமுனைக் கடையில் அரைக்கக் கொடுத்தேன். "ஃபில்டருக்கா சார்?" "இல்லைங்க, எஸ்பிரஸ்ஸோவுக்கு. நைஸா வேணும்." அவர் அரைத்துக் கொடுத்ததில் காபி எட்டே செகண்டில் கொட்டித் தீர்ந்தது. மறுநாள் இன்னும் நைஸாகக் கேட்டேன். கோபமோ என்னவோ, திருநீறு மாதிரி அரைத்துக் கொடுத்தார். ஒரு நிமிஷம் ஆகியும் கோப்பையின் அடி நனையவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கண்டதுமே கடைக்காரர் உள்ளே போய்விட்டார்.

அம்மாதான் வழி சொன்னாள். தூளை இரு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, "கோலமாவு அளவுக்குக் கொரகொரப்பு இருக்கக் கூடாது, கடலை மாவு அளவுக்கு வழவழன்னும் இருக்கக் கூடாது" என்றாள். எஸ்பிரஸ்ஸோவைக் கண்ணால் பார்த்திராதவள் சொன்ன அளவு அச்சாகப் பொருந்தியது. அன்றன்றைக்கு அப்படி அரைக்க வீட்டிலேயே ஒரு கையரவை வாங்கினேன், 5,400 ரூபாய். "முப்பது கப்" என்றாள் மனைவி. தூளை எடை போடச் சின்னத் தராசும், அமுக்குவதற்கு இரும்பு டேம்பரும் 1,440 ரூபாய். "எட்டு கப்." 15 கிராம் தூள் போட்டால் 25 முதல் 30 செகண்டுக்குள் 30 கிராம் காபி வர வேண்டும் என்பது பொது விதி. தினமும் காலையில் ஒரு கையில் தராசும் ஒரு கையில் ஸ்டாப்வாட்சுமாக நான் நிற்பதைப் பார்த்துப் பால்காரர், "சார் எந்த லேப்ல வேலை பார்க்கிறார்?" என்று கேட்டிருக்கிறார்.

மலிவு மெஷினோடு வரும், தூள் போடும் கூடையில் ஒரு தந்திரம் உண்டு. அதற்கு அடி இரண்டு. மேலடியில் நூற்றுக்கணக்கான துளை, கீழடியில் ஊசிமுனை அளவு ஒரே துளை. தூள் எப்படி இருந்தாலும் அந்த ஒற்றைத் துளை அழுத்தத்தை உண்டாக்கி நுரை கிளப்பிவிடும். சுவைக்கும் அந்த நுரைக்கும் சம்பந்தமில்லை. அரைவை கைவசப்படாதவர்களுக்கு அது உதவிதான். நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் துளை அடிக்கடி அடைத்துக்கொள்ளும். சேஃப்டி பின்னோடு உட்கார்ந்து குத்துவேன். ஒற்றை அடிக் கூடையும் பால் நுரைக்கும் ஜக்கும் வாங்கினேன், 1,260 ரூபாய். "ஏழு." இப்போதெல்லாம் அவள் "கப்" என்றுகூடச் சொல்வதில்லை.

பால் நுரைக்கும் குழாய் வேறொரு பாடம். பாலை 60, 65 டிகிரியில் நிறுத்தச் சொல்கிறார்கள். அதற்கு மேல் போனால் பாலின் இனிப்பு கெடுமாம். கொதிக்கக் கொதிக்கக் குடித்தே பழகிய அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்குடா, கொஞ்சம் சுட வெச்சுக் கொடு" என்றாள். வேலை முடிந்த அந்த நொடியே குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஒருமுறை நீராவியைத் திறந்துவிட வேண்டும். போன் வந்தது என்று நகர்ந்தால் பால் காய்ந்து குழாய்மேல் திரட்டுப்பாலாக ஒட்டிக்கொள்ளும். டபராவையும் டம்ளரையும் வைத்துக்கொண்டு அம்மா ஒரு முழ உயரத்திலிருந்து நாலு ஆற்று ஆற்றினால் வருகிற நுரைக்குப் பிளக்பாயின்ட் தேவைப்பட்டதில்லை.

பெரிய எதிரி தண்ணீர். எங்கள் பகுதியில் போர்வெல் தண்ணீர்தான். வாளியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படியும் அந்த உப்பு மெஷினின் வயிற்றுக்குள்ளும் படியும். படியப் படியச் சூடு ஏறாது, தண்ணீர் நகராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 20 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, பாதியை ஓடவிட்டு, இருபது நிமிஷம் ஊறவிட்டு, மீதியையும் ஓட்டினேன். அதற்குப் பிறகு வெறும் தண்ணீரை இரண்டு தொட்டி ஓட்டச் சொல்லியிருந்தது கையேடு. அந்தப் பக்கத்தைத் திருப்புவதற்குள் மூன்றாம் மாடி சார் வந்துவிட்டார்.

அவர் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு மெல்போர்னிலிருந்து திரும்பியவர். அன்றிலிருந்து காபி என்றால் கண்ணை மூடிக்கொண்டுதான் குடிப்பார். அவசரத்தில் ஒரு கோப்பை பிடித்துக் கொடுத்தேன். உறிஞ்சினார். கண்ணை மூடினார். எனக்கு அப்போதுதான் இரண்டு தொட்டித் தண்ணீர் ஞாபகம் வந்தது. அவர் மெல்லக் கண்ணைத் திறந்து, "எத்தியோப்பியாவா?" என்றார். "என்ன சார்?" "எலுமிச்சை வாசனை தூக்குது பாருங்க. நாக்கு ஓரத்துல அந்தப் புளிப்பு! எங்கே வாங்கினீங்க?" வாங்கியது நாட்டு மருந்துக் கடையில், 100 கிராம் பாக்கெட் என்று சொல்ல வாய் வரவில்லை. "சிக்மகளூர்தான் சார்" என்றேன். "சேன்ஸே இல்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டு இன்னொரு கப் கேட்டார். வெறும் தண்ணீர் ஓட்டிய பிறகு கொடுத்த அந்த இரண்டாவது கப் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒன்றரை வருஷத்தில் கைப்பிடியைச் சுற்றித் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. விற்ற நிறுவனத்துக்கு போன் செய்தால், அந்த மாடலே இப்போது வருவதில்லை, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். தெருவில் "குக்கர், மிக்ஸி, கேஸ் அடுப்பு ரிப்பேர்" என்று குரல் கேட்டதும் அம்மா கூப்பிட்டுவிட்டாள். வந்தவர் மெஷினை அண்ணாந்து பார்த்தார். உள்ளே ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். "காஸ்கெட் போயிடுச்சு சார். நம்ம குக்கருக்குப் போகுமே, அதே கதைதான். சூட்டுல ரப்பர் கல்லாயிடும்." ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் பழையது மூன்று துண்டாக வந்தது. "இந்த சைஸ் நம்மகிட்ட இல்லை. வரவழைச்சு வைங்க, அடுத்த வாரம் போட்டுத் தர்றேன்." அளவெடுத்து வரவழைத்தேன். 180 ரூபாய். சரியாக ஒரு கப்.

அவர் போட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஒரு வாட்டிக்கு இதுல எத்தனை பேருக்கு சார் காபி வரும்?" "ஒருத்தருக்கு. இழுத்துப் பிடிச்சா ரெண்டு பேருக்கு." அவர் பதில் சொல்லவில்லை. அதற்குள் அம்மா டபராவில் காபி கொண்டு வந்து நீட்டினாள். அவருக்கு, எனக்கு, மனைவிக்கு, தனக்கு என்று நாலு டம்ளர். ஃபில்டரில் இன்னும் டிகாக்‌ஷன் மிச்சம் இருந்தது.

மெஷினைக் குறை சொல்லவில்லை. மத்தியானம் நாலு மணிக்கு, அரைவை அமைந்து, 28 செகண்டில் தேன் மாதிரி இறங்கும் நாளில் அது கொடுக்கும் ஒரு வாய்க் காபி, அந்த 180 ரூபாய்க் கடையில் எனக்குக் கிடைத்ததில்லை. அதற்கு நான் செய்வதெல்லாம் அம்மா அறுபது வருஷமாக ஃபில்டருக்குச் செய்வதுதான்: அன்றன்றைக்கு அரைத்த தூள், அளவான அமுக்கு, உடனுக்குடன் கழுவல். ஃபில்டர் துளை அடைத்தால் அடுப்புத் தணலில் காட்டி இரண்டு தட்டுத் தட்டுவாள், அவ்வளவுதான். அவளுக்குக் கையேடு கிடையாது.

நீங்களும் வாங்குவதென்றால் தாராளமாக வாங்குங்கள். மெஷினில் மிச்சம் பிடித்த காசை அரவையில் போடுங்கள். காஸ்கெட் இரண்டாகச் சேர்த்து வாங்கி வையுங்கள். பழைய ஃபில்டரை மட்டும் பரணில் ஏற்றிவிடாதீர்கள். வீட்டுக்கு விருந்தாளிகள் ஒவ்வொருவராக வருவதில்லை.