கலெக்டராகப் போற பேராண்டிக்கு ஐயா சொல்ற சினிமா யோசனை

அடேய் பேராண்டி, மே 25-ம் தேதி கலெக்டர் பரீட்சையோட முதல் கட்டம் எழுதுன பாரு, அதுக்கு முன்னாடி எத்தனை படம், பின்னாடி எத்தனை படம்ங்கிற கணக்கை ஒங்கப்பன்கிட்ட நான் இன்னும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ராஜிந்தர் நகர்ல ஜன்னல் இல்லாத ரூமுக்கு அம்புட்டு வாடகை கொடுத்துட்டு, தில்லி வெயில்ல புஸ்தகத்தோட வெந்துக்கிட்டு கெடக்கிறதுக்கு, ஏசி கொட்டகையில போயி உக்கார்றது புத்திசாலித்தனந்தான். நானும் ஒங்கூட வந்தவந்தானே. 2025 கோடை பூரா ஒன் பக்கத்து சீட்டுல உக்காந்த பாத்தியதையில நாலு வார்த்தை சொல்றேன். கேட்டா கேளு, கேக்காட்டி செல்லைப் பாரு. இப்பவும் அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்க.

மொத யோசனை, படம் பாக்கிறதுக்கு முன்னாடியே தீர்ப்பை எழுதிரு. அதுதான் ஒனக்குக் கைவந்த கலையாச்சே. சித்திரை பொறக்கிறதுக்கு முன்னாடி, ஏப்ரல் 10-ம் தேதி அஜித்தோட ‘குட் பேட் அக்லி’ வந்துச்சு. பேரு போட்டு முடியல, நீ செல்லுல ‘பிளாக்பஸ்டர்’னு தட்டிட்ட. எனக்கும் படம் பிடிச்சுதுடா, இல்லைங்கல. ஆனா அந்தக் கொட்டகையில விசில் பறந்தது எதுக்குன்னு யோசிச்சியா? 1982-ல, 1986-ல, 1996-ல நாங்க கேட்ட இளையராஜா பாட்டுக்கு. புதுப் படம்னு கூட்டிட்டுப் போயி என் வயசுப் பாட்டைக் கேக்க வச்சிட்ட. பாட்டுக்குச் சொந்தக்காரரு சும்மா இருப்பாரா? கேக்காம போட்டுட்டாங்கன்னு 5 கோடி கேட்டு நோட்டீஸ் விட்டாரு. செப்டம்பர்ல மெட்ராஸ் ஐகோர்ட்டு அந்தப் பாட்டுகளோட படத்தைக் காட்டக் கூடாதுன்னு இடைக்காலத் தடையே போட்டுருச்சு. பழசை வச்சுப் பொழைக்கிறது தப்பில்ல. நானே அப்படித்தான் பொழைக்கிறேன். கேட்டுட்டு எடுத்திருக்கலாம்.

ரெண்டாவது, எத்தனை கோடின்னு பாத்துப் படத்தை ரசி. கதை எப்படின்னு நான் கேட்டா, ‘ரெண்டாவது நாளே இத்தனை கோடிய்யா’ங்கிற. ஏண்டா, அதுல ஒரு ரூவாயாவது ஒன் அக்கவுண்டுல ஏறுச்சா? 2024 மே மாசம் இதே தில்லியில முங்கேஷ்பூர்ங்கிற எடத்துல 52.9 டிகிரின்னு மீட்டர் காட்டி உலகமே அலறுச்சு. அப்புறம் வானிலை ஆபீசுல இருந்து போயிப் பாத்தா மீட்டர்ல கோளாறு, மூணு டிகிரி கூடக் காட்டியிருக்கு. ஒத்துக்கிட்டாங்க. கலெக்சன் போஸ்டர் ஒட்டுறவங்க எந்த மீட்டரை வச்சிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்? அதைப் போயிப் பாத்துத் திருத்தத்தான் ஒரு ஆபீசு இல்ல.

மே ஒண்ணாந்தேதி சூர்யாவோட ‘ரெட்ரோ’. சிரிக்கவே தெரியாத ஒருத்தன் சிரிக்கப் பழகுற கதை. கார்த்திக் சுப்புராஜு கல்யாணப் பாட்டோட சேத்து ஒரே ஓட்டத்துல எடுத்த நீளக் காட்சியைப் பாத்து நானே எந்திரிச்சு உக்காந்தேன். மிச்ச நேரம் படம் எங்க போகுதுன்னு எனக்கும் தெரியல, அதுக்கும் தெரியல. சிரிக்கத் தெரியாதவனைத் தேடி இம்புட்டுச் செலவு பண்ணியிருக்க வேண்டாம். காலையில ஒம்பது மணிக்கு ராஜீவ் சௌக் மெட்ரோவுல வந்து நின்னிருந்தா ஆயிரம் பேரை இலவசமாக் காட்டியிருப்பேன்.

இந்திக்காரன் சும்மா இருந்தானா? ஜூன் 6-ம் தேதி ‘ஹவுஸ்ஃபுல் 5’. ஒரே படம், ‘5ஏ’, ‘5பி’ன்னு ரெண்டு முடிவு. ஒண்ணுல ஒருத்தன் கொலைகாரன், இன்னொண்ணுல வேறொருத்தன். கொன்னது யாருன்னு எடுத்தவங்களே முடிவுக்கு வரலயாம், நீ ரெண்டு டிக்கெட் எடுத்துத் தீத்து வைக்கணுமாம். இதே ஊருல 1997-ல சாகேத்துல அனுபம் தியேட்டரை, அண்ணன் தம்பி வீட்டுக்குள்ள செவரு வச்சுப் பாகம் பிரிச்ச மாதிரி நாலாப் பிரிச்சு, இந்தியாவுக்கே மொத மல்டிபிளக்ஸ்னு பேரு வாங்குனாங்க. அன்னைக்குக் கொட்டகையைப் பிரிச்சான், இன்னைக்குக் கிளைமாக்சைப் பிரிச்சுட்டான்.

பாப்கார்ன் சங்கதியை நீயே எனக்குப் படிச்சுக் காட்டுன, நடப்புச் செய்தின்னு. 2024 டிசம்பர்ல மந்திரிமாரெல்லாம் ஜெய்சல்மேர்ல ஜிஎஸ்டி கூட்டம் போட்டு விளக்கம் சொன்னாங்களே. அன்னைக்கு இருந்த கணக்குல, உப்பும் மசாலாவும் போட்டுச் சும்மா வித்தா வரி 5 சதம், பாக்கெட்டுல அடைச்சுப் பேரு ஒட்டுனா 12, சர்க்கரைப் பாகு ஏத்துனா 18. மக்காச்சோளம் வெதைச்ச நம்ம ஊருக்காரனுக்கு இதுல எத்தனை சதம்னு கேட்டேன். அது சிலபஸ்ல இல்லைன்னுட்ட. பேரு சொல்ல மாட்டேன், ஒரு மால் கொட்டகையில அந்தப் பாகு ஏத்துனதை வாங்கிக்கிட்டு உக்காந்தோம். தீந்து போச்சு, படம் இன்னும் ஆரம்பிக்கல, விளம்பரம் ஓடுது. பெங்களூர்ல ஒருத்தர் 25 நிமிச விளம்பரத்துக்காகக் கோர்ட்டுக்குப் போயி ஜெயிச்சாரு, மேல்கோர்ட்டு அதை நிறுத்தி வச்சிருச்சு. நமக்கெதுக்குக் கோர்ட்டு? நீ செல்லைப் பாத்த, நான் தூங்குனேன்.

இப்ப ஜூன் 5-க்கு வர்றேன். ‘தக் லைஃப்’. 1987-ல ‘நாயகன்’ல பம்பாய்த் தாராவியில ஒரு தமிழனைப் பெரிய மனுசனாக்குன மணிரத்னமும் கமலும், 38 வருசம் கழிச்சுச் சேந்து தில்லிக்கு வந்தாங்க. நம்ம இருக்கிற ஊருக் கதையாச்சேன்னு நானும் சட்டையை மடிச்சுப் போட்டுக்கிட்டு வந்தேன். சக்திவேல்னு ஒரு தமிழன், பழைய தில்லிச் சந்துக்குள்ள கோட்டை கட்டி ஆள்றாரு. பனிமலையில விட்டாலும் பொழைச்சு வர்றாரு. ஊரே பாடுன ‘முத்த மழை’ பாட்டு மட்டும் படத்துக்குள்ள பொழைக்கல. மேடையில கமல் மொழி வரலாறு பத்தி ஒரு வாக்கியம் பேசப் போயி, கர்நாடகாவுல படமே வெளிவரல. சுப்ரீம் கோர்ட்டு, கூட்டத்தோட மெரட்டலுக்குப் படத்தை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிப் பாத்துச்சு, அதுக்குள்ள படம் தானாவே நின்னு போச்சு. இதையெல்லாம் நீ மணிக்கணக்காப் பேசுன.

ஆனா அதுக்கு நாலு நாளைக்கு முன்னாடி, ஜூன் ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கெழமை, இதே தில்லியில, ஜங்புராப் பக்கம் பாராபுல்லா சாக்கடைக் கரையில மதராசி கேம்ப் இருந்துச்சே, அங்க புல்டோசர் போச்சு. சுமாரா 370 வீடு. அம்பது வருசத்துக்கு மேல அங்க கெடந்த தமிழ்ச் சனம், பொம்பளைகள்ல பல பேரு பக்கத்துக் காலனி வீடுகள்ல பாத்திரம் தேய்க்கிறவங்க. சாக்கடையை அடைச்சு மழைத்தண்ணி தேங்குதுன்னு ஐகோர்ட்டு எடுக்கச் சொல்லுச்சு. தண்ணி தேங்குனதும் நெசந்தான், நான் மறுக்கல. 189 குடும்பத்துக்கு, ஊருக் கடைசியில இருக்கிற நரேலாவுல வீடுன்னாங்க. மத்தவங்களுக்குக் காகிதம் சரியில்லைன்னாங்க. திரையில ஒரு தமிழன் தில்லியவே ஆட்டி வைக்கிறான், வெளிய ஒரு தமிழச்சி ரேசன் கார்டைக் காட்டி, ‘நான் இங்கதான் இருந்தேன்’னு அதிகாரிகிட்ட நிரூபிச்சுக்கிட்டு நிக்கிறா.

அன்னைக்கு ராத்திரி நான் இதைச் சொன்னப்ப நீ என்ன சொன்ன? ‘ஆக்கிரமிப்புதானேய்யா, கோர்ட்டு ஆர்டரு.’ சரிதான், கலெக்டர் பதில். நான் வாயை மூடிக்கிட்டேன்.

ஏன் மூடுனேன் தெரியுமா? ஒரு மாசத்துக்கு முன்னாடி, ரெட்ரோ வந்த அதே நாள்ல வந்த இன்னொரு படத்தை நாம பாத்தோம், ஞாபகம் இருக்கா? ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. நான்தான் இழுத்துட்டுப் போனேன். சசிகுமாரும் சிம்ரனும் ரெண்டு பிள்ளைகளோட இலங்கையில பஞ்சம் பொழைக்க முடியாம படகேறி ராமேஸ்வரத்துல வந்து எறங்குறாங்க. அபிஷன் ஜீவிந்த்னு ஒரு சின்னப் பயலுக்கு அது மொதப் படம். பாஸ்போர்ட் இல்ல, விசா இல்ல, ஒரு காகிதம் இல்ல. மெட்ராசுல ஒரு காலனியில குடியேறுறாங்க, கடைசியில தெருவே சேந்து அவங்களைக் காப்பாத்துது. எனக்கு அதுல ஒரு குறை உண்டு. அந்தக் காலனியில ஒரு ஆளு கூட அசல் கெட்டவன் கெடையாது. நான் எழுபது வருசமா அப்படி ஒரு தெருவைப் பாத்ததில்ல. இருந்தாலும் இந்தக் கோடையில வந்ததுலயே நல்ல படம் அதுதான். பெரிய துப்பாக்கிப் படமெல்லாம் தடுமாறி விழுந்தப்ப, வாய்ப்பேச்சுலயே ஓடுச்சு.

அதைப் பாத்து நீ அழுத. இருட்டுல தெரியாதுன்னு நெனைச்ச, கண்ணாடியைக் கழத்தித் தொடைச்சதை நான் பாத்தேன். காகிதம் இல்லாத குடும்பத்துக்காகக் கைத்தட்டுன கையால, காகிதம் சரியில்லாத குடும்பத்துக்கு ‘ஆக்கிரமிப்பு’ன்னு எழுதிட்ட. சசிகுமார் வந்து குடியிருந்திருந்தா மதராசி கேம்ப்புக்கும் நீ அழுதிருப்பியோ என்னமோ. பின்னணி இசை இல்லாம வர்ற கஷ்டத்துக்குக் கண்ணு கலங்காதுன்னு ஒங்க தலைமுறைக்கு ஒரு வியாதி. எங்க தலைமுறைக்கும் இருந்துச்சு, எங்களுக்குத் தண்டோரா போட்டுச் சொல்லணும்.

அதனால நான் ஒன்னைப் படம் பாக்காதேன்னு சொல்லல. ஆகஸ்ட்ல ரெண்டாங்கட்டம் மெயின்ஸ் வச்சிருந்தான், அதுக்கு நடுவுல ஜூன் 20-ம் தேதி தனுஷோட ‘குபேரா’ வந்துச்சு, அதையும் பாத்தோம். பிச்சைக்காரன்னா யாருன்னு கூட்டம் நெளிஞ்சு நெளிஞ்சு பாத்துச்சு, நல்லதுதான். பாத்துட்டு வெளிய வந்து மால் வாசல்ல கை நீட்டுன கெழவியை நீ சுத்திக்கிட்டுப் போன பாரு, அது வேற படம்.

ஒண்ணே ஒண்ணு செய்யி. வர்ற ஞாயித்துக்கெழமை டிக்கெட் எடுக்காதே, நரேலாவுக்குப் போயிட்டு வா. ஜங்புராவுல வேலைக்குப் போயிக்கிட்டிருந்த பொம்பளை அங்கேருந்து எத்தனை மணிக்கு எந்திரிக்கிறான்னு கேளு. பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்தாங்கன்னு கேளு. தமிழ்லயே கேளு, பதில் வரும். மெட்ரோவுல போயி எறங்கலாம்னு நெனைக்காதே, நரேலாவுக்கு மெட்ரோப் பாதைக்கு அனுமதி கொடுத்துட்டாங்க, ரயில் இன்னும் வரல. பஸ்ஸுலதான் போகணும்.