எச்-இன்டெக்ஸ் சார்

காலையில் கல்லூரிக்குள் நுழைந்ததும் சார் முதலில் திறப்பது கூகுள் ஸ்காலரை. ராத்திரியில் யாராவது தன்னைச் சைட் பண்ணியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒன்று கூடியிருந்தால், தாமதமாக வந்த பையனுக்கும் அன்று அட்டென்டன்ஸ் உண்டு. குறைந்திருந்தால் (குறையவும் செய்யும்) லேப் அசிஸ்டென்ட்கூட எதிரில் வரமாட்டார். பக்கத்துத் துறைக்காரர் ஒருவர் உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் இடம்பிடித்து, கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸில் சிரித்த நாளிலிருந்து இப்படித்தான்.

சாரின் எச் 19. அதாவது, தலைக்குக் குறைந்தது 19 மேற்கோள் பெற்ற 19 கட்டுரைகள். சான் டியாகோவிலிருந்த இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் சொன்ன கணக்கு. இருபதாக்க வேண்டுமானால் 20 கட்டுரைகளுக்கும் இருபது இருபது வேண்டும். மூன்று கட்டுரைகள் 19, 19, 18 என்று வாசலிலேயே நிற்கின்றன. நாலே நாலு சைட்டேஷன்!

இளமையில் உண்மையாகவே உழைத்து எழுதிய கட்டுரை ஒன்றும் அவரிடம் உண்டு. ஆராய்ச்சி மாணவி அதை மேற்கோள் காட்டிவிட்டாள்.

"ஏம்மா, அதுக்கு ஏற்கெனவே முந்நூறு இருக்கு. அங்க போட்டா வேஸ்ட். பதினெட்டுல ஒண்ணு நிக்குதே, அதைப் போடும்மா."

"சார், அது வெல்டிங். என் தீசிஸ் சாயக்கழிவு நீர்."

"முன்னுரைல 'பொறியியல் பல துறைகளில் வளர்ந்து வருகிறது'ன்னு ஒரு வரி எழுதும்மா. பக்கத்துல என் பேரு."

முந்நூறு வாங்கிய கட்டுரையும் எச் கணக்கில் ஒன்றுதானே என்ற வருத்தம் அவருக்கு நெடுநாள் இருந்தது. பெல்ஜியத்து எக்கே 2006-இல் கொண்டுவந்த ஜி-இன்டெக்ஸ் அந்த உபரியையும் சேர்த்துக்கொள்ளும் என்று தெரிந்ததும், "எச் எல்லாம் ரொம்பப் பழசு" என்றார். கூட்டாசிரியர் எண்ணிக்கையால் வகுக்கும் குறியீடுகளும் உண்டு என்று லைப்ரரியன் சொன்னபோது மட்டும் முகம் மாறியது. சாரின் கட்டுரை ஒவ்வொன்றிலும் ஒரு கபடி அணிக்கு ஆள் இருக்கும்.

பிறகு எம் வந்தது. எச்சை, முதல் கட்டுரை வந்து கழிந்த ஆண்டுகளால் வகுக்க வேண்டும். இதையும் சொன்னவர் ஹிர்ஷ்தான். 1997 கருத்தரங்க மலரில் வந்த தன் ஒன்றரைப் பக்கத்தைச் சார் அன்றிரவே ப்ரொஃபைலிலிருந்து தூக்கினார். அடுத்த கட்டுரை 2007. ஒரே ராத்திரியில் பத்து வயது குறைந்துவிட்டது.

போன வாரம் மாணவி ஒரு சேதி கொண்டுவந்தாள். ஆய்வு மோசடிகளைத் துருவுகிற இருவர், 2024-இல், ஒருவருடைய பாட்டி வீட்டுப் பூனை லாரியின் பேரில் போலிக் கட்டுரைகளை ஏற்றி, அதற்கு எச் 11 வாங்கிக் கொடுத்தார்களாம். ஸ்டாஃப் ரூமே சிரித்தது.

சார் கால்குலேட்டரை எடுத்தார். "பூனையோட முதல் பேப்பர் எந்த வருஷம்மா?"

தட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அதோட ரெஃபரன்ஸ்ல நம்ம பேரு எங்கயாச்சும் இருக்கா, பார்த்தியா?"