நாற்பதாயிரம் ரூபாய்க் கால்

1999 பிப்ரவரியில் என் இடது காலின் மதிப்பு 40,000 ரூபாய். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 80-யு சொன்னது. மூன்று வயதில் போலியோ வந்து முருங்கைக்காயாய் மெலிந்துபோன அந்தக் காலை அதுவரை யாரும் வரவுப் பக்கத்தில் எழுதியதில்லை.

அரசு அலுவலகத்தில் பிப்ரவரி பொல்லாத மாதம். வருடமெல்லாம் பிடிக்காமல் விட்ட வரியை அந்த ஒரு சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். எல்ஐசி ரசீது, சேமிப்புப் பத்திரம், மைத்துனர் கையெழுத்துப் போட்ட வாடகை ரசீது என்று ஆளுக்கொரு உறையோடு கேஷியர் மேசையைச் சுற்றி நிற்பார்கள். என் உறையில் இருந்தது கால்.

"உங்களுக்கென்ன சார், காலே நாப்பதாயிரம் சம்பாதிச்சுக் குடுக்குது" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த 40,000 கையில் வருவதல்ல, வருமானத்தில் கழிப்பது. மற்ற கழிவெல்லாம் போக அந்த ஆண்டு என் வரிக்குரிய வருமானம் 70,000. அதில் 50,000 வரை வரி கிடையாது. அடுத்த பத்தாயிரத்துக்கு 10 சதவீதம், அதற்கடுத்த பத்தாயிரத்துக்கு 20 சதவீதம். ஆக மொத்தம் கால் எனக்கு மிச்சப்படுத்தியது 3,000 ரூபாய். காலிப்பருக்கும், அதோடு சேர்த்துத் தைக்கும் பூட்ஸுக்கும் நான் அழுத பணத்தை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், "மூவாயிரம்னா சும்மாவா?" என்றுதான் கேட்டிருப்பார்.

சும்மா வரவில்லை. அன்றைய விதிப்படி ஒரு கை அல்லது காலில் மட்டும் குறைபாடு என்றால் அது 50 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அரசு மருத்துவர் எழுதித்தர வேண்டும். மருத்துவர் டேப்பை வைத்து இரண்டு கால்களையும் அளந்தார், முழங்காலை மடக்கிப் பார்த்தார், 50 என்று எழுதினார். அதைக் கொண்டுவந்து கொடுத்தால் கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஐம்பதுக்கு மேல்னு போட்டிருக்கு தம்பி. ஐம்பதுன்னா அது ஐம்பதுதானே, மேல் எப்படி ஆகும்?"

மறுநாள் அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, ஒரு சதவீதம் கேட்டுப் போனேன். மருத்துவர் என் காலை மறுபடி பார்க்கவில்லை. "எவ்வளவுப்பா வேணும்?" என்றார். கேட்கக் கூச்சமாக இருந்தது. அவரே 55 என்று திருத்தி முத்திரை வைத்தார். அந்த அஞ்சு, காய்கறிக் கடையில் தரும் கறிவேப்பிலைக் கொசுறு மாதிரி.

வீட்டுக்கு வந்து கோப்பில் வைக்கும்போதுதான் பக்கத்தில் இருந்த காகிதத்தைக் கவனித்தேன். 1989-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது வாங்கிய உடல்தகுதிச் சான்று. இடது கால் மெலிந்திருக்கிறது, ஆனாலும் இந்த வேலைக்கு அது தடையில்லை என்று அதில் இருந்தது. புதிய சான்றோ, வரிச் சட்டம் கேட்டபடியே, குறைபாட்டினால் என் வேலை செய்யும் திறன் கணிசமாகக் குறைந்திருக்கிறது என்றது. இரண்டும் ஒரே மருத்துவமனை, ஒரே வட்ட முத்திரை. நகல்கள் இரண்டிலும் சான்றொப்பம் இட்டவரும் ஒரே அதிகாரி. சம்பளம் கொடுக்கும்போது வேலைக்கு லாயக்கானவனாகவும், அதில் வரி பிடிக்கும்போது அவ்வளவாக லாயக்கில்லாதவனாகவும் நான் இருக்க வேண்டியிருந்தது. சம்பாதிக்கவே முடியாமல் வீட்டில் கிடந்தவர்களுக்கு இந்தத் தர்மசங்கடம் இல்லை. வருமானம் இல்லாதவருக்குக் கழிப்பதற்கும் ஒன்றுமில்லையே.

2003-ல் பிரிவைத் திருத்தி எழுதினார்கள். வேலைத்திறன் குறைந்ததா என்ற கேள்வி போனது. 40 சதவீதம் இருந்தால் போதும், கழிவு 50,000 என்றானது. 2015 பட்ஜெட்டில் அது 75,000. 80 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 1,25,000. நடுவே நான் ஊனமுற்றவன் என்பதிலிருந்து மாற்றுத்திறனாளி ஆனேன். என் சைடு வீல் ஸ்கூட்டருக்கு இந்தப் பதவி உயர்வு தாமதமாகத்தான் கிடைத்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்குப் பெயர் 'இன்வேலிட் கேரேஜ்'. ஒருமுறை ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிய போக்குவரத்துக் காவலர், "வண்டியே இன்வேலிட்னு போட்டிருக்கே, செல்லாதா?" என்று உண்மையாகவே கேட்டார். 2019 திருத்தத்தில்தான் அந்தச் சொல் ஒழிந்தது.

அதே ஆண்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்காகச் சிறப்பு முகாமுக்குப் போனேன். பரிசோதித்த பெண் மருத்துவருக்கு முப்பது வயதுகூட இராது. காலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சார், தப்பா நினைக்கலேன்னா இவங்களும் பார்க்கலாமா?" என்று நாலு மாணவர்களைக் கூப்பிட்டார். போலியோ கால்களைப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறார்களாம். 2014-லேயே போலியோ இல்லாத நாடு என்று இந்தியாவுக்குச் சான்றளித்துவிட்டார்கள், பாவம் அவர்கள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்? நால்வரும் தொட்டுப் பார்த்தார்கள். 60 சதவீதம் கிடைத்தது, நான் கேட்காமலே.

போன வருடம் ஓய்வு பெற்றேன். ஓய்வூதியத்துக்குப் புதிய வரிமுறையே போதும், 12 லட்சம் வரை வரியில்லை என்றார்கள். புதிய முறையில் 80-யு கிடையாது. பதிலாக, சம்பளக்காரர், ஓய்வூதியர் எல்லோருக்கும் நிலைக்கழிவு 75,000. அதே 75,000! காலைக் காட்டி, டேப்பால் அளந்து, சதவீதம் பேசி வாங்கியதை, இரண்டு காலும் நன்றாக இருக்கிறவர்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

எனக்கு இதில் நஷ்டமில்லை. தங்கை மகள் விஷயம் வேறு. சென்னையில் மென்பொருள் வேலை, ஆண்டுக்கு 18 லட்சம். முதுகுத்தண்டில் அடிபட்டு ஆறு வருடமாகச் சக்கர நாற்காலி. அட்டையில் 85 சதவீதம். பொங்கலுக்கு வந்தபோது மடிக்கணினியில் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டாள். பழைய முறையில் நிலைக்கழிவோடு 1,25,000-ஐயும் சேமிப்புக் கழிவையும் கழித்த பிறகும் செஸ் சேர்க்காமல் வரி 2,55,000. புதிய முறையில் நிலைக்கழிவைத் தவிர ஒன்றையும் கழிக்காமல் 1,45,000.

"அப்ப புதுசுதானே லாபம்" என்றேன்.

"லாபம்தான் மாமா. ஆனா என் டீம்ல மாரத்தான் ஓடுற பையனுக்கும் இதே சம்பளம், இதே வரி. அவன் ஆபீசுக்கு மெட்ரோல வர்றான். நான் தினம் கேப் பிடிச்சு, நாற்காலியை மடக்கி ஏத்தி இறக்க ஒரு ஆளுக்கும் காசு கொடுத்து வர்றேன்."

நான் பழைய உதவியாளன், விதிகளைப் படிக்காமல் விடமாட்டேன். தேடியதில் ஒன்று அகப்பட்டது. கால்களில் குறைபாடுள்ள ஊழியருக்கு நிறுவனம் போக்குவரத்துப் படி என்று தனியாகக் கொடுத்தால், மாதம் 3,200 வரை புதிய முறையிலும் அப்போது வரி கிடையாது. வருடத்துக்கு 38,400, அவள் இருக்கும் வரி அடுக்கில் 7,680 ரூபாய் மிச்சம். அவளுடைய சம்பளச் சீட்டில் அப்படி ஒரு வரியே இல்லை. மனிதவளப் பிரிவுக்கு அங்கேயே உட்கார்ந்து எழுதிப் போட்டாள்.

அந்த 80-யு என்ற எண்ணும் இனி இல்லை. 2025-ல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்ணோடு எழுத்து ஒட்டிய பிரிவே கிடையாது. இத்தனை வருடம் வாய்ப்பாடு மாதிரி சொல்லிப் பழகியது, கொஞ்சம் வருத்தம்தான்.

பத்து நாள் கழித்து தங்கை மகள் பேசினாள். படி தர ஒப்புக்கொண்டார்களாம். ஆனால் அட்டையின் நகலோடு ஒரு உறுதிமொழியும் வேண்டுமாம்: குறைபாடு இந்த நிதியாண்டிலும் தொடர்கிறதா?

"என்ன எழுதினே?"

"ஆமாம்னு எழுதினேன் மாமா. வேற என்ன எழுதுறது?"

வேறென்ன எழுத முடியும்? நானும் இருபத்தாறு பிப்ரவரிகள் எழுதியது அதைத்தான்.